கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன் உங்கள் ப்ராஜெக்ட்டுகளை ஒழுங்குபடுத்துங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இன்டர்வியூவுக்குள் இன்னும் எத்தனை ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய, ஜாவா ப்ரோக்ராம் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். இப்போதைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். டெஸ்ட்1, டெஸ்ட்2, ஃபைனல், ஃபைனல் நியூ என்று வரிசையாக இருக்கிறதே, அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதில் எது லேபில் எழுதியது, எது யூடியூப் பார்த்து அடித்தது, எது நீங்களே யோசித்துச் செய்தது என்று பெயரைப் பார்த்தால் தெரியவில்லை. இன்டர்வியூவில் துருவிக் கேட்பது அந்த மூன்றாவது வகையைத்தான்.

முதலில் வொர்க்ஸ்பேஸை, அதாவது எக்லிப்ஸ் ப்ராஜெக்ட்டுகளை வைத்திருக்கும் ஃபோல்டரை, தனித்தனியாகப் பிரியுங்கள். லேப் பயிற்சிக்கு ஒன்று, இறக்கிப் பார்த்த மாதிரி கோடுக்கு (ப்ரோக்ராமுக்கு) ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று. ஃபைல் மெனுவில் 'ஸ்விட்ச் வொர்க்ஸ்பேஸ்' கொடுத்து மாறிக்கொள்ளலாம். ப்ராஜெக்ட்டின் பெயரிலேயே அது என்ன செய்கிறது என்பது தெரியட்டும்: 'நூலகப் பதிவேடு', 'பஸ் பாஸ் கணக்கு' என்பதுபோல.

பிரிக்கும்போது இரண்டு இடத்தில் நிதானம் தேவை. பழைய ப்ராஜெக்ட்டைப் புது வொர்க்ஸ்பேஸுக்குள் இம்போர்ட் செய்கையில் 'காப்பி ப்ராஜெக்ட்ஸ் இன்டு வொர்க்ஸ்பேஸ்' என்பதை டிக் செய்யாவிட்டால், ஃபைல்கள் பழைய இடத்திலேயே இருக்கும். அது டவுன்லோட்ஸ் ஃபோல்டராக இருந்து, நீங்கள் ஒருநாள் அதைக் காலி செய்தால் ப்ராஜெக்ட்டும் போய்விடும். டிலீட் செய்யும்போது இதற்கு நேர் எதிர். 'டிஸ்க்கிலிருந்தும் அழி' என்ற டிக் இல்லையென்றால் பட்டியலிலிருந்து மட்டும் போகும்; டிக் செய்தால் கோடே போய்விடும். மீட்க முடியாது என்று எக்லிப்ஸே அங்கு எச்சரிக்கும், படித்துவிட்டு அழுத்துங்கள்.

அப்புறம் சொந்த வேலையில் நன்றாக வந்த இரண்டை மட்டும், கோடை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றுங்கள். கம்பைல் ஆன ஃபைல்கள் இருக்கும் பின் (bin) ஃபோல்டர், எக்லிப்ஸ் தன் அமைப்புகளை வைக்கும் மெட்டாடேட்டா ஃபோல்டர் எல்லாம் ஏறாதபடி, எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் ஃபைலில் எழுதிவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு கோடில் இருந்தால் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது தெரியும். அப்படி ஆகிவிட்டால் பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி. ரீட்மீயில் (ப்ராஜெக்ட்டோடு வைக்கும் விளக்க ஃபைலில்) இது என்ன செய்கிறது, எந்த ஜாவா வெர்ஷன், எப்படி ஓட்டுவது என்று எழுதுங்கள். டுடோரியலில் இருந்து எடுத்த பகுதி இருந்தால் அதையும், நீங்கள் சேர்த்தது எது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அது குறையே அல்ல.

எழுதி முடித்ததும் நண்பரின் லேப்டாப்பில் கிட்ஹப்பிலிருந்து க்ளோன் செய்து (நகலெடுத்து), ரீட்மீயை மட்டும் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது. பெரும்பாலும் இரண்டு காரணங்களால் நிற்கும்: உங்கள் சி டிரைவின் முழுப் பாதை கோடில் இருக்கும், அல்லது ஜாவாவை மைஎஸ்க்யூஎல்லுடன் இணைக்கும் கனெக்டர் ஜார் ஃபைல் அவரிடம் இருக்காது. தேவையான ஃபைல்களைத் தானே இறக்கித் தரும் மேவன் கருவிக்கு மாற்றி, அதன் பாம் (pom.xml) ஃபைலில் குறிப்பிட்டுவிட்டால் ஜார் தானாக இறங்கிவிடும்.

ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கித் தரட்டுமா என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 'இந்த மெத்தட் எதற்கு?' என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் வாங்கிய ப்ராஜெக்ட் கைகொடுக்காது. அந்தப் பணத்தில் லேப்டாப்புக்கு ரேம் கூட்டிக்கொள்ளலாம். நண்பரின் லேப்டாப்பில் ஓடிய பிறகு கிட்ஹப் லிங்க்கை எனக்கு அனுப்புங்கள். ரெஸ்யூமேயில் எந்த இடத்தில் போடுவது என்று பார்ப்போம்.