கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபேன் நிற்கிறதா என்று பாருங்கள்

"நானே பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது, எதை மாற்றலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். எனக்கும் இதே தொல்லை வந்தது. முதல் வாரமே சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடி, 4,500 ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) வாங்கி மாட்டினேன். அன்று ராத்திரியே மறுபடி ரீஸ்டார்ட்.

விண்டோஸ் தானே விழுந்ததா, இல்லை அதற்கே தெரியாமல் எதுவோ தள்ளிவிட்டதா? முதலில் இதைப் பிரித்துவிடுங்கள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' போய், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். இனி விண்டோஸ் விழும்போது காட்டும் நீலப் பிழைத் திரை வந்தால் அப்படியே நிற்கும், எழுதியிருப்பதைப் படிக்கலாம்.

நீலத் திரையே வராமல் ரீஸ்டார்ட் ஆனால் நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகைப் பாருங்கள். 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக ஒன்று இருக்கும். பவர் என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் நான் கடைக்கு ஓடினேன். உண்மையில் அது சொல்வது, போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான். ஏன் என்று அதற்கே தெரியாது. அதன் பக்கத்தில் 'டபிள்யூஹெச்ஈஏ-லாகர்' 18 இருந்தால், ஹார்டுவேர் பிழையை ப்ராசஸரே பதிவு செய்திருக்கிறது என்று அர்த்தம். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பி, ஓவர்கிளாக் என்று ரேமையும் ப்ராசஸரையும் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், எப்போது ஆகிறது என்று குறித்துவையுங்கள். கேம் ஆடும்போது மட்டும் என்றால் சூடு, எஸ்எம்பிஎஸ் இரண்டையும் சந்தேகப்படலாம். எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. இதை மல்டிமீட்டரில் பாருங்கள், சாஃப்ட்வேர் காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். சும்மா இருக்கும்போதும் ஆகிறது என்றால் ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேர் ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஒவ்வொரு ரேமாகக் கழற்றி மாட்டிச் சோதிக்க வேண்டும். கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் என்றால் வீட்டு இன்வெர்ட்டர் 'யுபிஎஸ் மோடில்' (பேட்டரிக்குச் சட்டென்று மாறும் மோடு) இருக்கிறதா பாருங்கள். முழு லோடில் நல்ல எஸ்எம்பிஎஸ்கூடக் கரண்ட் இல்லாமல் சுமார் 16 மில்லிசெகண்ட்தான் தாங்கும். இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் எடுத்தால் கம்ப்யூட்டர் விழத்தான் செய்யும்.

என் கதையில் இது எதுவுமே இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, எப்போது விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். விழுந்தபோது ஃபேன் ஒரு நொடிகூட நிற்கவில்லை, மதர்போர்டு விளக்கும் அணையவில்லை. அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் பாவம், அது பாட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: முன்பக்கம் பென்டிரைவ் செருகும்போது இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அந்த யுஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்திலேயே, அழுத்தினால் உடனே ரீஸ்டார்ட் செய்யும் ரீசெட் பட்டன். விரலால் தொட்டுப் பார்த்தால் 'டிக்' என்று எழும்பி வரவில்லை, தூசியில் பாதி உள்ளே அமுங்கிக் கிடந்தது. லேசாக ஆட்டம் கண்டாலே உள்ளே இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும் போல.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் கீழ் ஓரத்தில் 'எஃப் பேனல்' என்று எழுதியிருக்கும் இடத்தில் ரீசெட் ஒயரின் இரண்டு பின் கனெக்டரை மட்டும் உருவினேன். அவ்வளவுதான், இப்போது எட்டு மாதம் ஆகிறது. நீங்களும் பைசா செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை. ரீசெட் பட்டன் இல்லாததால் ஒரு நஷ்டமும் இல்லை. ஹேங் ஆனால் பவர் பட்டனை நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும்.