கேளுங்கள், சொல்கிறேன்

வாசகி, திண்டுக்கல்: அழியப்போகும் உயிரினத்தை உண்மையிலேயே மீட்க முடியுமா, அல்லது எல்லாம் புகைப்படத்துக்குத்தானா?

முடியும். ஆனால் சுலபமல்ல. நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கறுப்பு ராபின் என்றொரு குட்டிப் பறவை. 1980இல் உலகிலேயே மிஞ்சியவை 5. அவற்றில் குஞ்சு பொரிக்கக்கூடிய பெண் பறவை ஒன்றே ஒன்று, ‘ஓல்ட் புளூ’. நியூசிலாந்து அரசின் வனவிலங்குத் துறையைச் சேர்ந்த டான் மெர்ட்டன் குழுவினர் அதன் முட்டைகளை எடுத்து, டாம்டிட் என்ற வேறு இனப் பறவையின் கூட்டில் வைத்தார்கள். (குயில் காலங்காலமாகச் செய்யும் திருட்டுவேலையை அரசு ஊழியர்களே செய்தார்கள்!) முட்டையைப் பறிகொடுத்த கிழவி சளைக்காமல் மறுபடியும் இட்டாள். இன்று இருநூறுக்கும் மேல். அத்தனையும் அவள் வம்சம்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அடுத்து வந்த சிக்கல்தான். சில பறவைகள் கூட்டின் விளிம்பில் முட்டையிட்டன. அங்கே கிடந்தால் பொரியாதே என்று ஊழியர்கள் பரிவோடு உள்ளே தள்ளிவைத்தார்கள். விளைவு? அந்தக் கோளாறு மரபுவழியே பரவி, பாதிக்கும் மேற்பட்ட பெண் பறவைகளைத் தொற்றிக்கொண்டது. உதவியை நிறுத்திய பிறகே அது குறையத் தொடங்கியது.