நாட்கேட்சர் பறவை ஏன் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறது?

பெரும்பாலும் இரைக்காகத்தான். நாட்கேட்சர்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் குட்டிப் பாட்டுப் பறவைகள். அதில் நீலச்சாம்பல் நாட்கேட்சர் வெறும் 5 முதல் 7 கிராம்தான் இருக்கும். அதன் வால் கறுப்பு, ஓர இறகுகள் மட்டும் பளிச்சென்று வெள்ளை. இலைகளுக்கு நடுவே வாலை அப்படியும் இப்படியும் வீசும்போது அந்த வெள்ளை மின்ன, ஒளிந்திருக்கும் பூச்சி பதறி எழும்பும், உடனே கவ்விவிடலாம் என்பதுதான் பறவையியலாளர்கள் சொல்லும் விளக்கம்.

ஆனால் வாலைவிட அதன் கூடுதான் எனக்குப் பெரிய அதிசயம். ஆணும் பெண்ணும் சேர்ந்து சிலந்தி நூலால் நார்களை இறுக்கிக் கட்டி, வெளிப்புறம் முழுக்க மரப்பட்டையில் பாசி மாதிரி படரும் லைக்கனின் துணுக்குகளை ஒட்டிவிடும், கீழேயிருந்து பார்த்தால் கிளையில் ஒரு முண்டு மாதிரிதான் தெரியும். அப்புறம், வேறு கூடு கட்ட நேர்ந்தால் பழையதைப் பிரித்து அதே பொருட்களைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு.