தங்கைகளின் பங்கும் ரமலான் உம்ராவும்

கேள்வி: எனக்கு 66 வயது. வளைகுடாவில் 28 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். ஹஜ் செய்தாயிற்று. இப்போது ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுகிறேன், தஹஜ்ஜுத்தும் (பின்னிரவுத் தொழுகை) விடுவதில்லை. இளமையில் பத்து வருடம்போலத் தொழவில்லை, ஜகாத்தும் (கட்டாய தர்மம்) கணக்குப் பார்த்துக் கொடுத்ததில்லை. வரும் ரமலானில் உம்ரா (மக்காவுக்குப் போய்ச் செய்யும் சிறு யாத்திரை) செய்தால் இவை கழிந்துவிடும்தானே? வாப்பாவின் வீடு என் அனுபவத்தில் இருக்கிறது. வாப்பாவும் பிறகு உம்மாவும் மௌத்தாகி வருடங்கள் ஆகின்றன. தங்கைகள் இருவரும் "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் காக்கா (அண்ணா)" என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். பத்திரமும் 'தானே' புயலில் நனைந்து வீணாகிவிட்டது. வீட்டை என் இரண்டு மகன்கள் பேருக்கு எழுதிவிடலாமா? மகளுக்குக் கல்யாணத்திலேயே நிறையச் செய்துவிட்டோம்.
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எழுத முடியாது. பாதி வீடு உங்களுடையதே அல்ல.

கணக்கைப் பார்த்துவிடுவோம். வாப்பா மௌத்தானபோது வீட்டை 32 பங்காக வைத்தால், உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 4. மீதி 28இல் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உங்களுக்கு 14, தங்கைகளுக்கு 7, 7. உம்மா போன பிறகு அந்த 4இல் உங்களுக்கு 2, அவர்களுக்கு 1, 1. ஆக உங்களுக்கு 16, தங்கைகளுக்கு எட்டெட்டு. (வாப்பா, உம்மாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள், வேறு பிள்ளைகள் இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது.) இன்று 40 லட்சம் போகும் வீடு என்றால் ஆளுக்குப் பத்து லட்சம். மதிப்பை அரசின் வழிகாட்டி மதிப்பில் போடாதீர்கள், வெளியே விற்றால் என்ன கிடைக்குமோ அதைப் போடுங்கள். முன்பக்கம் கடைக்கு விட்டிருந்தால் இத்தனை வருட வாடகையிலும் பாதி அவர்களுடையது.

"வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்." இந்த ஒரு வரி எத்தனை வீடுகளிலிருந்து வருகிறது தெரியுமா? பங்கு இவ்வளவு என்றே தெரியாமல், கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்து சொன்ன 'வேண்டாம்' விட்டுக்கொடுத்தல் ஆகாது. சரியான வழி இது: உங்கள் மனைவி, மக்கள் யாரும் இல்லாத இடத்தில் ஒவ்வொரு தங்கையிடமும் தனித்தனியாகத் தொகையைச் சொல்லுங்கள். பணத்தைக் கையில் கொடுங்கள், அல்லது பாகப்பிரிவினை எழுதுங்கள். வாங்கிய பிறகு அவர்களாக மனம்வந்து திருப்பித் தந்தால் அப்போது அது ஹலால். கல்யாணத்தில் போட்ட நகையை இதில் கழிக்க முடியாது. வாரிசுரிமை மௌத்துக்குப் பிறகுதான் பிறக்கிறது, முன்பு கொடுத்தது அன்பளிப்பு. உங்கள் மகளுக்கும் இதே சட்டம்தான். உயிரோடு இருக்கும்போது பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்ததற்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) மறுத்தது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவித்த ஹதீஸில் (நபிமொழியில்) இருக்கிறது. தங்கைகளுக்குச் செய்ததையே மகளுக்கும் செய்யப் பார்க்கிறீர்கள்.

பத்திரம் நனைந்தது ஒரு சாக்கு. 'தானே' புயல் அடித்தது 2011 டிசம்பர் 30. அன்றிலிருந்து சார்பதிவாளர் அலுவலகம் திறந்துதான் இருக்கிறது. பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலும், வில்லங்கச் சான்றும் அங்கே கிடைக்கும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள், அதில் தங்கைகள் பெயர் விடுபடாமல் இருக்கட்டும்.

இனி உம்ரா. ஓர் உம்ராவிலிருந்து மறு உம்ரா வரை நடந்தவற்றுக்கு அது பரிகாரம் என்று புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் நூல்கள் இரண்டிலும் வருகிறது. அது சிறு பாவங்களுக்கு என்பது உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) விளக்கம். ஷஹீதுக்குக்கூடக் கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்றுதான் முஸ்லிமில் இருக்கிறது. உயிரைக் கொடுத்தவருக்கே கிடைக்காத சலுகையை விமான டிக்கெட்டில் எதிர்பார்க்கலாமா?

ஜகாத்தும் கடன்தான், வருடம் போனால் தானாகக் கழியாது. பழைய பாஸ்புக்குகளை எடுத்து, ஒவ்வொரு வருடமும் ஒரே ஹிஜ்ரி (பிறைக் கணக்கு) தேதியில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். 85 கிராம் தங்கத்தின் (பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல்) அன்றைய விலையை எட்டிய வருடங்களுக்கு நாற்பதில் ஒன்று. பத்து லட்சம் சும்மா கிடந்திருந்தால் முதல் வருடம் 25,000. அடுத்த வருடம் 9,75,000க்கு 24,375 என்று இறங்கிக்கொண்டே வரும். பலர் சறுக்கும் இடம் வருடக் கணக்கு: உங்கள் 28 ஆங்கில வருடம் ஹிஜ்ரியில் கிட்டத்தட்ட 29. தெரியாத வருடங்களுக்குக் கூட்டியே மதிப்பிடுங்கள். அணியும் நகைக்கு ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு, உங்கள் மத்ஹபுப்படி செய்யுங்கள். ஏழைத் தங்கைக்கு ஜகாத் கொடுக்கலாம்தான். ஆனால் அவள் பங்கையே ஜகாத் என்று பெயர் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

விட்ட தொழுகையைக் கழாச் செய்ய (பின்னர் தொழுது நிறைவேற்ற) வேண்டும் என்பதே நான்கு மத்ஹபுகளின் நிலை. பணம் அதற்கு ஈடாகாது. ஒவ்வொரு ஃபர்ளுக்குப் (கடமைத் தொழுகை) பிறகும் அதே வக்தில் (வேளையில்) விட்ட ஒன்று என்றால் பத்து வருடத்துக் கழாவுக்குப் பத்து வருடம் பிடிக்கும், உங்களுக்கு 76 ஆகிவிடும். இரண்டிரண்டாகத் தொழுதால் ஐந்து வருடம். தஹஜ்ஜுத்துக்கு எழும் நேரத்தைக் கொஞ்ச காலம் கழாவுக்குக் கொடுங்கள்.

அறுபது வயது வரை அவகாசம் கொடுக்கப்பட்டவருக்கு அல்லாஹ்விடம் சொல்லச் சாக்கு மிஞ்சவில்லை என்று புகாரியில் இருக்கிறது. உங்களுக்கு அதற்கு மேலும் ஆறு வருடம் கிடைத்திருக்கிறது. இந்த வாரமே ஒரு நோட்டுப் போட்டு, தங்கைகளுக்குத் தர வேண்டியது, ஜகாத் பாக்கி, மனைவியின் மஹர் (மணக்கொடை) பாக்கி எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். இவை கடன்கள், வஸிய்யத் (உயில்) அல்ல. கஃபன் (அடக்கத் துணி) செலவுக்கு அடுத்து, சொத்தைப் பிரிக்கும் முன் அடைபட வேண்டியவை. வஸிய்யத்துக்கு உள்ள மூன்றில் ஒரு பங்கு வரம்பு இவற்றுக்கு இல்லை (ஹனஃபியில் ஜகாத் பாக்கி மட்டும் வஸிய்யத் செய்திருந்தால்தான், அந்த வரம்புக்குள் அடைபடும்) என்பதை மகன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தங்கைகள் ஹஜ் செய்துவிட்டார்களா? பத்து லட்சம் கையில் இருந்திருந்தால் அவர்களுக்கு அது எப்போதோ கடமையாகியிருக்கும். கூடப் போக மஹ்ரமாக (மணம் முடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய ஆண் உறவாக) நீங்கள் இருக்கிறீர்கள்.