மரம் சாய்க்கிறவர்களின் கேள்விகளும் ஒரு மேஸ்திரியின் பதில்களும்

நீலகிரித் தோட்டங்களில் சில்வர் ஓக், கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வெட்டும் ஆட்களுக்கு நான் மேஸ்திரி. பவர் சா பிடிக்கிறவர்கள் கேளுங்கள்.

அண்ணே, ஒன்றரை அடி விட்டமுள்ள சில்வர் ஓக். கயிறு கட்டி இழுத்தும் பக்கத்துத் தேயிலைமேல் திரும்பி விழுந்துவிட்டது. ஏன்?

அடிக்கட்டையைப் போய்ப் பாருங்க தம்பி. நார் பிய்ந்து நிற்கிற இடம் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். மரம் தடித்த பக்கம்தான் திரும்பும். கயிறு உதவி மட்டுமே. மரத்தை நடத்துவது நீங்கள் அறுக்காமல் விடுகிற கட்டை. கதவுக்குக் கீல் மாதிரி அது.

விழவேண்டிய பக்கம் முதலில் முன்வெட்டு, அதாவது ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுப்பது. உங்கள் மரத்துக்கு 11 செ.மீ. ஆழம் போதும், அதாவது விட்டத்தில் கால்வாசி. மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சேரணும். ஒன்று மற்றதைத் தாண்டிப்போனால் கீல் அங்கேயே பலமிழந்துவிடும். எதிர்ப்பக்கம், அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே பின்வெட்டு. நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 4.5 செ.மீ., இரு ஓரமும் ஒரே அளவில் கீலாக நிற்கட்டும். மரம் அசையத் தயங்கினால் பிளாஸ்டிக் ஆப்பு அடியுங்கள். இன்னும் கொஞ்சம் அறுப்போம் என்று கீலில் கைவைக்க வேண்டாம்.

முன்னால் நன்றாகச் சாய்ந்திருந்த கற்பூர மரம், பின்வெட்டு பாதி போகும்போதே நெடுக்கப் பிளந்து அடிப்பாகம் மேலே எகிறியது. பக்கத்தில் நின்றிருந்தால் போயிருப்பேன்.

சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து அறுத்துவந்தால் அப்படித்தான் செய்யும். கீலுக்கு இடம் விட்டு, பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை, பக்கவாட்டில் உள்ளே குத்தி, பின்னோக்கி அறுத்து வாருங்கள். கடைசியில் பின்பக்கம் கொஞ்சம் கட்டையை விட்டு நிறுத்தணும்; மரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். ஆட்கள் விலகியதைப் பார்த்த பிறகு அந்த மிச்சத்தை வெளியிலிருந்து அறுங்கள். குத்தும்போது பார் நுனியின் கீழ்ப்பாதி முதலில் படணும். மேல்பாதி பட்டால் மிஷின் முகத்துக்கு வரும். பழகாதவர் இதைப் பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது சின்ன மரத்தில் கற்றுக்கொள்ளட்டும்.

ஆட்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கணும்?

மர உயரத்தில் இரண்டு மடங்கு. சரிவில் கீழ்ப்பக்கம் யாருமே கூடாது, துண்டு உருளும். வெட்டுகிறவர் ஓடும் வழியை மிஷினை ஸ்டார்ட் பண்ணும் முன்பே செதுக்கி வைக்கணும், விழும் திசைக்கு நேர் பின்னால் இல்லாமல் சாய்வாக. மரம் அசைந்ததும் போய்விடுங்கள், மேலே பார்த்துக்கொண்டே. விழுவதை வேடிக்கை பார்க்க அடிக்கட்டை அருகில் நிற்பதுதான் நம் ஆட்களின் பெரிய கெட்ட பழக்கம்.

வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சிக்கி நிற்கிறது. தாங்கி நிற்கிற மரத்தை அறுத்துவிடலாமா?

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்து உங்கள் மேல்தான் வரும். ஏறி உலுக்குவதும், இன்னொரு மரத்தை அதன்மேல் சாய்ப்பதும் அதே ரகம். அடிப்பாகத்தில் கம்பி வடம் போட்டு, வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சால் தூரத்திலிருந்து இழுங்கள். வின்ச் வர நாளாகுமென்றால் சுற்றிக் கயிறு கட்டி ஆள் போகாமல் தடுங்கள். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதென்று அப்படியே விட்டுப் போகக் கூடாது. அதன் கீழே யாராவது விறகு பொறுக்க வருவார்கள்.

என் வீட்டுக்காரர் ஹெல்மெட் வியர்க்கிறது என்று கழற்றி வைக்கிறார்.

அக்கா, உச்சியில் முறிந்து தொங்கும் காய்ந்த கிளை சத்தமில்லாமல் இறங்கும். மிஷின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஹெல்மெட்டோடு காதுமூடி, முகவலை, தொடையில் செயினைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் வைத்த பேன்ட், பூட்ஸ் எல்லாம் வேணும்.

சொந்தப் பட்டா நிலம், அனுமதி வேணுமா?

மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு மிஷினை எடுங்கள்.

விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறது. குளிர்தானே?

குளிர் மட்டும் இல்லை, அதிர்வும்தான். கைப்பிடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், ஆள் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லி.