யார் அந்தத் தனிநபர்?

கேள்வி: தனிநபர் வருமானத்தில் வங்காளதேசம் இந்தியாவை முந்தப்போகிறது என்று 2020-ல் சர்வதேச நாணய நிதியம் கணித்ததும் பெரிய பேச்சாக இருந்தது. உண்மையில் இந்த இரண்டு நாடுகளில் வாழ்க்கைத் தரம் எங்கே மேல்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்தத் தனிநபரைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவோம். எனக்கும் அவருக்கும் ரொம்ப நாளாக ஆகாது. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். நாட்டின் மொத்த வருமானத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்ததும் பிறந்துவிடுகிறார். ஆணா பெண்ணா தெரியாது. எந்த ரேஷன் கார்டிலும் பெயர் கிடையாது. மில் முதலாளிக்கும் மில் வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் ஒரே வருமானம் போட்டுக் கொடுத்துவிடுவார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிற அம்மாவுக்கும் அவர் கணக்கில் சரிபங்கு. முக்கியமாக, அவருக்கு வயிற்றுப்போக்கு வராது.

வயிற்றுப்போக்கைச் சும்மா இழுக்கவில்லை, குழந்தைகளின் சாவில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1990-ல், ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் இந்தியாவைவிட வங்காளதேசத்தில் அதிகம். 2011-ல், அப்போதைய ஐ.நா. மதிப்பீட்டின்படி, ஆயிரத்துக்கு அங்கே 46, இங்கே 61. இத்தனைக்கும் அந்த இருபது வருஷத்தில் நம் வருமானம் வேகமாக ஏறி, விலைவாசியைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் அவர்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அவர்கள் நம்மை முந்தியது அப்போதுதான். அன்றைக்கு யாரும் பதறவில்லை. டாலர் கணக்கில் கொஞ்சம் முந்துவார்கள் என்றதும் டிவியில் நாள் கணக்காகக் கத்தினார்கள்.

எப்படி முந்தினார்கள்? அதன் ஆரம்பம் நம் மண்ணில் இருக்கிறது என்பதுதான் என்னை வதைக்கிறது. 1971 வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தில் பங்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே பிடித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. “தண்ணி குடுத்தா இன்னும் போகும்” என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், குழந்தை சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் இல்லை. அப்பா மாதச் சம்பளக்காரர், வீட்டில் ரேடியோ இருந்தது. அடுப்படியில் உப்பும் வெல்லமும் இருந்தன.

வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் கை வைத்தது இந்த இடத்தில்தான். 1980-லிருந்து பத்து வருஷம் அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர், தண்ணீர். ஊழியர் கலந்து காட்டினால் போதாது, அம்மாவே தன் விரலால் அளந்து கலக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய் அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்ப்பார். சொல்லிக்கொடுத்தவருக்கான கூலி அதைப் பொறுத்தது. இப்படி ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். கூலி கொடுக்க இதைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை. நம் வாத்தியார்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எழுதி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

கழிப்பறையிலும் இதே கதை. 2011 கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் ஏறக்குறைய பாதி திறந்தவெளியைத்தான் நம்பியிருந்தன, தமிழ்நாடும் அதற்கு விலக்கில்லை. அங்கே அப்போது அப்படிப்பட்ட வீடு பத்தில் ஒன்றுகூட இல்லை.

சரி, உங்கள் கேள்வி. எங்கே மேல் என்றால், யாருக்கு என்று நான் கேட்பேன். 2011 வாக்கில் பிறந்த குழந்தைக்கு அங்கேதான் மேல். இன்று குழந்தை இறப்பில் இரண்டு நாடும் ஆயிரத்துக்கு முப்பதை ஒட்டி வந்துவிட்டன, நாமும் ஓடிப் பிடித்துவிட்டோம், சந்தோஷம். சராசரி ஆயுளில் அவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னே. ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அங்கே மேல் என்று என் வாயால் சொல்லமாட்டேன். அங்கே ஏறக்குறைய பாதிப் பெண்களுக்குப் பதினெட்டுக்குள் கல்யாணம் ஆகிவிடுகிறது. இங்கே அது நாலில் ஒன்றுக்குக் கீழே.

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு? டாக்கா பக்கம் சாவரில் ராணா பிளாசா என்று எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2013 ஏப்ரல் 23-ல் சுவரில் விரிசல் தெரிந்ததும், அந்தக் கட்டடத்திலிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே ஆடை தைக்கிறவர்களை மறுநாள் காலை வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்றார்கள். வந்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்கள் தைத்து ஏற்றுமதியான சட்டைகளின் பணமும் அந்தத் தனிநபரின் வருமானத்தில் சேர்ந்துதான் இருக்கிறது.