பக்கத்துக் கவுன்சிலும் நம் வீட்டுத் திட்டமும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் கவுன்சில்கள் வீடுகளுக்கு எப்படி இடம் ஒதுக்குகின்றன, அதில் பக்கத்துக் கவுன்சிலுக்கு என்ன வேலை என்று பலர் கேட்டிருந்தீர்கள். திட்டமிடல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் கவுன்சிலின் புதிய திட்ட வரைவில் பக்கத்து நகரத்தின் வீட்டுத் தேவையில் ஒரு பங்கையும் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் தேவைக்கு நாம் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

கவுன்சில் எல்லை வரைபடத்தில்தான் இருக்கிறது. நாம் ஒரு கவுன்சிலில் குடியிருந்து, இன்னொன்றில் வேலை பார்த்து, மூன்றாவதில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

பர்மிங்ஹாமைப் பாருங்கள். 2011 முதல் 2031 வரை அந்த நகரத்துக்கு 89,000 வீடுகள் தேவை என்று கணக்கிட்டார்கள். 2017இல் நிறைவேறிய திட்டத்தில் 51,100 வீடுகளுக்குத்தான் இடம் கிடைத்தது. மிச்சம் 37,900. இடமில்லை என்பதால் அந்தக் குடும்பங்கள் காணாமல் போய்விடுவதில்லை. ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு வாடகை கட்டுவார்கள், அல்லது சுற்றியிருக்கும் ஊர்களில் வீடு தேடுவார்கள். அதனால்தான் சுற்றியிருக்கும் கவுன்சில்களோடு பேசியாக வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் எந்தக் கவுன்சிலுக்கு எத்தனை வீடு என்று வட்டாரத் திட்டங்கள் சொல்லிவிடும். 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம் அவற்றை எடுத்துவிட வழி செய்தது. அந்த இடத்தில் 'ஒத்துழைக்கும் கடமை' என்ற ஒன்றை வைத்தது. எல்லை தாண்டிய விஷயங்களில் கவுன்சில்கள் ஆக்கபூர்வமாகவும் தொடர்ச்சியாகவும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதே அது.

கேள்வி: அப்படியென்றால் பக்கத்துக் கவுன்சில் கேட்டதற்கெல்லாம் சம்மதிக்க வேண்டுமா?

வேண்டாம். காரணம் காட்டி மறுக்கலாம். ஆனால் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், பேசியதற்கு ஆதாரமும் இருக்க வேண்டும்.

கேள்வி: பேச்சுவார்த்தை சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக முழுத் திட்டத்தையும் தள்ளிவிடுவார்களா? நம்ப முடியவில்லை.

தள்ளியிருக்கிறார்கள். கென்ட்டில் உள்ள செவனோக்ஸ் மாவட்டத்தில் 93 சதவீத நிலம் கிரீன் பெல்ட், அதாவது நகரம் பரவாமல் தடுக்க ஒதுக்கிய நிலம். அங்கே தேவை 13,960 வீடுகள், திட்டத்தில் இருந்ததோ சுமார் 10,600. மிச்சத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று பக்கத்துக் கவுன்சில்களிடம் முறையாகக் கேட்டது எப்போது தெரியுமா? 2019 ஏப்ரலில், திட்டத்தை ஆய்வுக்கு அனுப்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு.

அதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. பக்கத்துக் கவுன்சிலாலும் அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? அரசு நியமித்த ஆய்வாளர், இது கடமையை நிறைவேற்றியதாகாது என்று சொல்லிவிட்டார். கவுன்சில் உயர் நீதிமன்றம் போனது. 2020 நவம்பரில் அங்கேயும் தோற்றது.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. திட்டத்தில் எண் தவறு, சாலை தவறு என்றால் ஆய்வின்போது திருத்திக்கொள்ளலாம். ஒத்துழைக்கும் கடமையோ திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு பேசினாலும் கணக்கில் வராது. பல வருட உழைப்பு, மக்கள் வரிப்பணம், எல்லாம் போய்விடும். தொடக்கத்திலேயே நாலு கூட்டம் ஒழுங்காக நடத்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் மனம் ஆறாது.

கேள்வி: திட்டமே இல்லாவிட்டால் நல்லதுதானே? யாரும் வீடு கட்ட வர மாட்டார்களே.

நேர்மாறு. செயின்ட் ஆல்பன்ஸ் கவுன்சில் 1994ஆம் ஆண்டுத் திட்டத்தை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியது. புதிய திட்டத்துக்கு இரண்டு முறை முயன்றது. ஒரு தடவை நீதிமன்றம் வரை போய் 2017இல் தோற்றது. அடுத்ததை 2020இல் திரும்பப் பெற்றது. இரண்டு தடவையும் இடறியது இதே ஒத்துழைப்பு விஷயத்தில்தான்.

இந்த நிலையில், செயின்ட் ஆல்பன்ஸ், வெல்வின் ஹாட்ஃபீல்ட் என்ற இரண்டு கவுன்சில்களின் எல்லை மேலேயே கிடந்த ஒரு கிரீன் பெல்ட் வயலில் 100 வீடு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. இரண்டு கவுன்சில்களிலும் வீட்டு நிலம் மிகவும் பற்றாக்குறை என்பது அங்கே பெரிய காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 2021இல் அனுமதி கிடைத்தது. திட்டம் இருந்தால் எங்கே கட்டலாம் என்று ஊர் முடிவு செய்யும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வயலாக வழக்கு நடக்கும்.

கேள்வி: ஹரோவில் இருக்கிறோம். லண்டனுக்கும் இதே முறைதானா?

கொஞ்சம் வேறு. லண்டன் முழுவதற்கும் மேயரின் திட்டம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுத் திட்டப்படி ஹரோவுக்குப் பத்து வருடத்துக்கு 8,020 வீடுகள். ஆனால் ஹரோவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் ஹார்ட்ஃபோர்ட்ஷயர். அந்தக் கவுன்சில்கள் மேயரின் கீழ் வராது, அவற்றோடு தனியாகப் பேச வேண்டும்.

கேள்வி: இந்தக் கடமையை நீக்கப் போகிறார்களாமே ஐயா?

நீக்குவதற்கு 2023ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்துவிட்டது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் பல கவுன்சில்களைச் சேர்த்துப் பெரிய பகுதிக்கு ஒரே வியூகத் திட்டம் போடும் முறையைக் கொண்டு வருகிறது. என்னைக் கேட்டால் அதுவே சரியான பாதை. கிரேட்டர் மான்செஸ்டரில் பத்துக் கவுன்சில்கள் இப்படித்தான் தொடங்கின. 2020 டிசம்பரில் ஸ்டாக்போர்ட் விலகியது. மற்ற ஒன்பதும் விடாமல் இழுத்துக்கொண்டு வந்து 2024 மார்ச்சில் கூட்டுத் திட்டத்தை நிறைவேற்றின. கஷ்டம்தான், ஆனால் முடிகிற காரியம்.

கேள்வி: எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் இதில் என்ன செய்ய முடியும்?

சமர்ப்பிக்கும் முன் இறுதி வரைவைக் குறைந்தது ஆறு வாரம் மக்கள் கருத்துக்கு வைப்பார்கள். அப்போது எழுதுங்கள். திட்டத்தை மாற்றச் சொல்லி அந்தக் காலத்துக்குள் எழுதினவர்களுக்குத்தான் ஆய்வாளர் முன் நேரில் பேசும் உரிமை கிடைக்கும். 'எங்கள் தெருவில் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால் அதிக எடை இருக்காது. பக்கத்துக் கவுன்சிலோடு செய்துகொண்ட பொது உடன்பாட்டு அறிக்கையை, அதாவது எதில் ஒத்துப்போனார்கள், எதில் ஒத்துப்போகவில்லை என்று எழுதி வைத்த ஆவணத்தை, கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் தேதிகளைப் பாருங்கள், கடைசி மாதத்துக் கடிதங்கள் மட்டும் இருந்தால் அதையே எழுதுங்கள். வீடு கிடைக்காமல் உங்கள் பிள்ளைகள் ஊரை விட்டுப் போனார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். வீடு வேண்டும் என்று எழுதி வரும் கடிதங்கள் என் மேசைக்கு மிகக் குறைவாகத்தான் வந்தன.